பூச்சு வேலைக்கு முன்னால் பத்து நாள்

மூலக்குளத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டியதும் வருகிற ஊர். அந்தச் சாலை நெடுகிலும் இப்போது மனைகளும் மாடிகளுமாக எழும்பிக் கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று இவருடையது.

"கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை. சுவர் எழும்பித் தளமும் போட்டாகி விட்டது. இன்னும் பத்து நாளில் பூச்சு வேலை. விளக்கு, விசிறி, மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் இடம் முடிவாகி விட்டது. டெலிவிஷனுக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன செய்வது என்று கேட்டால், 'இப்போதெல்லாம் ஒயர் இல்லாமலே வருகிறதே!' என்கிறார் என் கணவர். 'அதற்கென்ன அம்மா, கரண்டு ஒயர் போகிற பைப்பிலேயே சேர்த்து இழுத்து விடலாம்' என்கிறார் எலெக்ட்ரிஷியன். மாமியாரோ, 'என் அறையில் நாடகம் தெரிந்தால் போதும்' என்கிறார். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அவள் படிக்கப் போவது மாடியில் மூலை அறை. நான் யார் பேச்சைக் கேட்பது?"

சந்தேகமே வேண்டாம், சகோதரி! மாமியார் பேச்சைக் கேளுங்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்த நாலு பேரில் எந்த அறையில் யாருக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஒயரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் அறையைப் பற்றிப் பேசுகிறார். இந்த வேலையை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். யார் எங்கே உட்காருவார்கள், எங்கே படுப்பார்கள், எங்கே படிப்பார்கள் என்பது கொத்தனாருக்குத் தெரியாது, எலெக்ட்ரிஷியனுக்கும் தெரியாது. வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதைப் பார்ப்போம். அவர் சொன்னது பாதி உண்மை. ஒயர் இல்லாமல் வருவது, வீட்டுக்குள் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து செல்போன் வரைக்கும் உள்ள கடைசித் தூரம் மட்டும்தான். தெருவிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும் கம்பிதான் வருகிறது. அந்தக் கடைசித் தூரத்திலும் சுவர் குறுக்கே நிற்கிறதே! வை-ஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு வகை, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு வகை. இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்து விடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை ஒருவாறு கடந்து விடுகிற அலை, கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தில் தடுமாறும். நடுவில் ஓர் இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் இருந்து விட்டால் கேட்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடமே வீட்டுக்குள் நுழைந்தபோது, அலை எட்டுகிற இடம் தேடி மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணை மாடி மூலை அறையில் வைத்து விட்டுப் பெட்டியைக் கீழே ஹாலில் வைத்தால் அதே கதைதான்.

எனவே அலையும் வேண்டும், கம்பியும் வேண்டும். மாடிக்கு ஒரு கம்பி போய் அங்கே ஒரு சிறு வை-ஃபை பெட்டிக்கு ஊட்டம் கொடுத்தால் உங்கள் கணவர் சொன்ன 'ஒயர் இல்லாத' சௌகரியம் வீடு முழுவதும் கிடைக்கும். அவரிடம் இப்படிச் சொன்னால் அவரும் ஜயித்த மாதிரி இருக்கும், அல்லவா?

அடுத்தது எலெக்ட்ரிஷியன் சொன்ன யோசனை. இதை மட்டும் மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்து விடுங்கள். காசு மிச்சம் என்பார். சுவர் கொத்துவது மிச்சம் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். இது படம் தெளிவாகத் தெரிகிறதா இல்லையா என்ற விஷயம் மட்டும் அல்ல, உயிர் விஷயம்.

காரணத்தைக் கேளுங்கள். விளக்கு ஒயரில் ஓடுவது 230 வோல்ட். பைப்புக்குள் இழுக்கும்போது எங்கேயோ ஓரிடத்தில் அதன் மேலுறை சிராய்ந்து போகலாம். வருஷக்கணக்கில் சூடேறி வெடிக்கலாம். எலி கடிக்கலாம். தனிப் பைப்பில் இருந்தால் அதன் விபரீதம் அதோடு நிற்கும். டெலிவிஷன் கேபிளும் கூடவே கிடந்தால்? அந்தக் கேபிளுக்குள் உலோகப் பின்னல் ஒன்று வீடு முழுவதும் ஓடுகிறது. மின்சாரம் அதில் ஏறினால், கேபிளை மாட்டுகிற திருகு முனை முதல், அது இணைந்திருக்கும் பெட்டியின் உலோக பாகம் வரை எல்லாவற்றிலும் ஏறும். ஷாக் அடிக்கும் என்று யாரும் எதிர்பாராத இடம் அது. தூசு தட்டுகிற உங்கள் கை முதலில் படும். அல்லது தவழ்கிற குழந்தையின் கை. மின்கம்பி வேலைக்கான விதிகள் இரண்டையும் பிரித்து வை என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஆகவே டெலிவிஷனுக்கும் இன்டர்நெட்டுக்கும் தனிப் பைப், சுவரில் தனிப் பெட்டி. கரண்டு பைப்பும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடும்படி இருந்தால் நடுவே ஓரடியாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒன்றை ஒன்று கடக்க வேண்டி வந்தால் கூட்டல் குறி மாதிரி நேர் குறுக்காகக் கடக்கட்டும். இதோடு, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்த்து விடுங்கள். மின்சாரம் தப்பான வழியில் கசிந்தால் உடனே அறுத்து விடுகிற காவல்காரன் அது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். படக்கென்று விழுந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம்.

சரி, உள்ளே என்ன ஒயர் போடுவது?

டெலிவிஷன் கேபிளைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் வாழைத்தண்டு மாதிரி இருக்கும். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரை. அதன் மேல் அலுமினியத் தாள். அதன் மேல் உலோகப் பின்னல். எல்லாவற்றுக்கும் மேலே உறை. நடுக்கம்பியில் ஓடுகிற சமாசாரத்தை வெளியில் உள்ள இரைச்சல் தொடாதபடி அந்தப் பின்னல் காக்கிறது. 1880-ல் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் உரிமை பெற்ற யோசனை இது. கடையில் ஆர்.ஜி.-6 என்று கேட்டு வாங்குங்கள். ஆர்.ஜி.-59 என்று மெல்லிசாக ஒன்று கொடுப்பார்கள். நீளமாக இழுக்க அது உதவாது.

இன்டர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். ஏன் முறுக்கு? வெளியிலிருந்து வரும் தொந்தரவு இரண்டு கம்பிகளின் மேலும் ஒரே மாதிரி விழுந்து, கடைசியில் கழிந்து போவதற்காக. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் 1881-லேயே இதற்கு உரிமை பெற்று விட்டார். நாலு ஜோடிகளும் ஒரே அளவில் முறுக்கப்பட்டிருக்காது. ஒன்று நெருக்கமாக, ஒன்று தளர்வாக. அவை ஒன்றோடொன்று வம்பளக்காமல் இருக்க இந்த ஏற்பாடு! இதனால்தான் இந்தக் கேபிளை நடுவில் வெட்டி ஒட்டுப் போடக் கூடாது. முறுக்குக் கலைந்த இடத்தில் வேகம் செத்து விடும். கேட்-6 என்ற ரகம் வீட்டுக்குத் தாராளம். ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை போகலாம். வீட்டுக்குள் யாருக்கு அவ்வளவு தூரம் வேண்டும்?

வாங்கும்போது ஒரு சின்னப் பரீட்சை. கம்பி முனையைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். கவரிங் நகை மாதிரி! டெலிவிஷன் கேபிளில் முலாம் பூசிய கம்பி வருவதுண்டு. அதில் பெரிய கெடுதல் இல்லை. இன்டர்நெட் கேபிளில் அது கூடாது. சீக்கிரம் ஒடியும்.

ஒயரைக் கொண்டு போகும் முறையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. விளக்கு ஒயர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சங்கிலி போலப் போகலாம். இது அப்படியல்ல. ஓரிடத்தை மூலஸ்தானமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கேபிள் போக வேண்டும். அந்த இடம் வீட்டின் நடுவாக, கைக்கு எட்டும்படி, காற்றோட்டமாக இருக்கட்டும். ஹாலில் மாடிப்படியை ஒட்டிய சுவர் நல்லது. அடுப்பங்கரை வேண்டாம், எண்ணெய்ப் புகை. குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், ஈரம். இரும்பு அலமாரிக்குள் வேண்டவே வேண்டாம். அலையைச் சிறை வைத்த மாதிரி ஆகும். அங்கே இரண்டு பிளக் பாயிண்ட் வைத்து இன்வெர்ட்டரோடு சேர்த்து விடுங்கள். அந்தப் பெட்டி தின்கிற மின்சாரம் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான்.

மாமியார் அறைக்கும் ஹாலுக்குமாக ஒரே கேபிளைப் பிரிப்பான் போட்டு இரண்டாக்கலாமா என்று கேட்பீர்கள். தெருக் கேபிளாக இருந்தால் செய்யலாம். ஆனால் ஒரு குழாய்த் தண்ணீரை இரண்டு குடத்துக்குப் பிரிப்பது போல, ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகவே போய்ச் சேரும். இரண்டு, மூன்று தடவை பிரித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மொட்டை மாடி டிஷ் என்றால் சாதாரணப் பிரிப்பானே உதவாது. ஒவ்வொரு பெட்டிக்கும் டிஷ்ஷிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு முக்கியமான விஷயம். ஒயரை விடப் பைப்தான் பெரிது!

கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். சென்னையில் தூர்தர்ஷன் ஆரம்பமானது 1975 ஆகஸ்டு 15-ல். அப்போது மாடியில் ஆண்டெனா. அதிலிருந்து நாடாப் போலத் தட்டையாக ஓர் ஒயர். 1982-ல் வர்ணம் வந்தது. அதே வருஷம் இலங்கையில் ரூபவாஹினி தொடங்க, தென்கோடியில் அதைப் பிடிப்பதற்காகவே ஆண்டெனாவை இன்னும் உயர்த்தினார்கள். 1991-ல் வளைகுடா யுத்தத்தைப் பார்த்த ஜோரில் கேபிள்காரர்கள் பெருகினார்கள். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது, நாடா ஒயரை எடுத்து விட்டு உருண்டைக் கேபிளை ஆணியடித்தோம். பிறகு மொட்டை மாடியில் டிஷ், இன்னொரு கேபிள். 2005-ல் டெலிபோன் கம்பி வழியே பிராட்பேண்டு, மற்றோர் ஒயர். இப்போது கண்ணாடி இழை. அதற்கும் ஒரு துளை! ஐம்பது வருஷத்துக்குள் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் சட்டத்தில் ஓட்டை, சுவரில் ஆணி, வெள்ளையடித்த சுவரில் கறுப்புக் கோடு.

அடுத்த இருபது வருஷத்தில் என்ன வரும் என்று யார் கண்டது? எது வந்தாலும் வழி இருந்தால் போதும். ஆகையால் ஒயர் வாங்கக் கையில் காசு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பைப்பை மட்டும் இப்போதே போட்டு விடுங்கள். ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை முன்னும் பின்னும் ஒரு முழம் நீட்டி விட்டு வையுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், அது துருப்பிடித்து உள்ளேயே ஒடியும். பின்னாளில் புது ஒயரைக் கயிற்றில் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது.

பைப் விஷயத்தில் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவை இவை:

ஹாலுக்கும் மாடிக்கும் 25 மில்லி மீட்டர் பைப். அதில் நாலு கேபிள் சௌகரியமாகப் போகும். மற்ற அறைகளுக்கு 20 மில்லி மீட்டர். அதில் இரண்டு போகும். அதற்கு மேல் திணிக்க வேண்டாம்.

திருப்பங்களில் சட்டென்று ஒடிகிற முட்டி கூடாது. வளைந்து திரும்புகிற பெண்ட் வேண்டும். ஓர் ஓட்டத்தில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவே ஒரு பெட்டி வைத்து மூடி போடட்டும்.

ஒயரை இழுக்கும்போது தேர் வடம் இழுக்கிற மாதிரி இழுக்கக் கூடாது! கேட்-6 தாங்குவது பத்துப் பதினோரு கிலோ இழுவைதான். ஒருவர் மெல்லத் தள்ள, ஒருவர் மெல்ல இழுக்க வேண்டும்.

பூச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால் பைப் வாய்களையெல்லாம் காகிதத்தால் இறுக்கி அடைத்து விடுங்கள். இல்லாவிட்டால் சிமெண்டுக் கலவை உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும்.

தெருவிலிருந்து உள்ளே வருவதற்கென்று ஒரு தனிப் பைப். அதை மறந்து விடுவதுதான் சகஜம். வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வாசலில் மட்டும் ஜன்னல் வழியே கேபிள் தொங்கும்!

இந்த வாசல் பைப்பைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். புதுவைப் பக்கம் புயல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே; 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அப்படிப்பட்ட மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்து வரும். எனவே அந்தப் பைப் வெளிப் பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கேபிளும் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும். வளைவின் அடியில் தண்ணீர் சொட்டி விடும். வெளியில் போகிற கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை உடையதாக இருக்கட்டும். கடல் காற்று எட்டுகிற ஊர். திருகு முனைகளை மூடி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் டெலிவிஷன் பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கேபிள் வழியாகவும் மின்னல் வரும். இரண்டையும் கழற்ற வேண்டும்; அதுவும் இடி தலைக்கு மேல் வந்த பிறகு அல்ல, வானம் கறுக்கும்போதே. மாடி டிஷ்ஷின் கம்பத்துக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். தெருக் கேபிள் அறுந்து கரண்டுக் கம்பத்தின் மேலோ ஈரத் தரையிலோ கிடந்தால், 'கேபிள் ஒயர்தானே' என்று எடுத்துப் போட யாரையும் விடாதீர்கள். அது எங்கே எந்தக் கரண்டுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

வாடகை வீட்டில் இருப்பவர்களும், புதுவை நகரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இருப்பவர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சுவரைத் தொடாமலே உங்களுக்கும் வழி உண்டு. கேஸிங் கேப்பிங் என்று மூடியோடு கூடிய பட்டை கிடைக்கிறது. அதைத் தரை ஓரமாகவோ உத்தரத்தை ஒட்டியோ ஓட்டி, கேபிளை உள்ளே வைத்து மூடி விடலாம். பாய்க்கு அடியிலும் கதவு இடுக்கிலும் மட்டும் கேபிளை விடாதீர்கள். வயதானவர்கள் இரவில் எழுந்து போகிற வழி அது. ஒரு முறை தடுக்கி விழுந்தால், மிச்சம் பிடித்த காசெல்லாம் இடுப்பெலும்புக்குப் போய் விடும்.

பூச்சுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. செல்போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவரையும், பைப் தெரியும்படி, பக்கத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். கோல நோட்டு ஒன்றில் வீட்டின் படத்தைப் போட்டு, கரண்டு பைப்புக்குச் சிவப்பு, டெலிவிஷனுக்கு நீலம், இன்டர்நெட்டுக்குப் பச்சை என்று கோடு இழுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எந்த அறை என்று எழுதி ஒட்டுங்கள். அந்த நோட்டை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது உதவும். இருபது வருஷம் கழித்து, இன்றைக்குப் பெயர்கூடத் தெரியாத ஏதோ ஒரு புது ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மகளோ மருமகளோ நிற்கும்போது, சுவரைக் கொத்தாமல் கயிற்றைப் பிடித்து இழுத்தால் போதும்.